ஸ்லாட் கார் வழியே அளவீடு கற்பித்தல்

செய்முறைப் பதிவேடுகளைத் திருத்தும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. ஓம் விதிச் சோதனையின் ஐந்து அளவீடுகளும் ஒரே மின்தடையைத் தரும், தசம எண் கூட மாறாது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பதிவேட்டிலும் அதே எண் இருக்கும். விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அளவீட்டைப் பின்னால் நிரப்பும் பழக்கம் இது. மாணவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. விடை ஏற்கெனவே புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சோதனையில், வேறு எண் வந்தால் 'தப்பு' என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

விடை எந்தப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் விடையைத் தெரிந்துகொள்ள மாணவர் துடிக்கிற சோதனை ஒன்று வேண்டும் என்று நீண்ட நாளாகத் தேடிவந்தேன். முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு அளித்த ஸ்லாட் கார் பந்தயத் தொகுப்பு அந்தத் தேவையை நிறைவேற்றியது. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுடன் அறிவியல் மன்ற நேரத்தில் அதைப் பயன்படுத்திய முறையை இங்கே பகிர்கிறேன்.

ஸ்லாட் கார் என்றால் என்ன?

தளத்தின் நடுவே ஒரு காடி ஓடும். காரின் முன்பக்க அடியில் கத்தி போன்ற சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது காடிக்குள் இறங்கி காருக்கு வழிகாட்டும். இதைக் 'கைடு' என்பார்கள். காடியின் இரு பக்கமும் இரண்டு உலோகப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். கைடின் இரு பக்கத்திலும் உள்ள செம்புப் பின்னல்கள் அந்தப் பட்டைகளை உரசியபடி சென்று மின்னோட்டத்தை மோட்டாருக்குக் கொடுக்கும். ஸ்டியரிங் கிடையாது. கையிலுள்ள கன்ட்ரோலரின் ட்ரிக்கரை அழுத்தினால் வேகம் கூடும், விட்டால் குறையும். வளைவில் வேகம் அதிகமானால் கார் காடியை விட்டு வெளியே பாயும். விளையாட்டு இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 'ஸ்கேலக்ஸ்' என்ற பெயரில் சுருள்வில் பொறிமுறையால் ஓடும் தகரக் கார்களைச் செய்துவந்தார். அதில் மின்மோட்டாரைப் பொருத்தி 1957-இல் 'ஸ்கேலக்ஸ்ட்ரிக்' என்று வெளியிட்டார். 1960-களில் இது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. வீட்டுத் தொகுப்புகளில் 1:32 அளவு அதிகம் காணப்படும். எங்களிடம் உள்ளதும் அதுவே. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவது.

பூட்டும்போதே தொடங்கும் பாடம்

தொகுப்பைப் பூட்டித் தயாராக மேசைமேல் வைத்துவிட்டால் பாடத்தில் பாதி போய்விடும். தளத் துண்டுகளை இணைப்பதில் இருந்தே மாணவர் கை பட வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்புச் சீட்டு கொடுப்பேன்: ஓட்டுநர், மெக்கானிக், நேரம் எடுப்பவர், பதிவாளர், தளக் காவலர். வெளியே பாய்ந்த காரை மீண்டும் காடியில் வைப்பவரே தளக் காவலர். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டுகள் கைமாறும்.

இந்தச் சுழற்சியில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சுழற்சி இல்லாத குழுக்களில் ஸ்க்ரூடிரைவர் ஓரிரு மாணவர்களின் கையிலேயே தங்கிவிடும். 'நல்ல கையெழுத்து' உள்ள மாணவிகள் பதிவேட்டோடு நின்றுவிடுவார்கள். சீட்டு மாறும்போது ஸ்க்ரூடிரைவரும் மாறியே ஆக வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி மெக்கானிக் முறை வந்தபோது, "மூடியோட ஸ்க்ரூவ முழுசா முறுக்காம கொஞ்சம் லூசா விட்டுப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டார். அவர் வீட்டில் தையல் இயந்திரம் உண்டாம். எல்லாத் திருகுகளையும் இறுக்கினால் அதிர்வு கூடும் என்பது அவர் கண்டறிந்தது. காரின் மேல்மூடித் திருகுகளை அரைச் சுற்று தளர்த்தி விடுவது அனுபவமுள்ள ஸ்லாட் கார் ஆர்வலர்களும் கடைப்பிடிக்கும் முறைதான். மூடி சற்றே அசைய இடமிருந்தால் அடிச்சட்டத்தின் அதிர்வு குறைந்து கார் தளத்தில் படிந்து ஓடும்.

மின்சுற்று: 12 வோல்ட் எங்கே போனது?

முதல் வகுப்பில் தளத்தின் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு, மின்னோட்டம் செல்லும் வழியை விரலால் தொடரச் சொல்வேன். மின்மாற்றி, கன்ட்ரோலர், ஒரு பட்டை, பின்னல், மோட்டார், மறு பின்னல், மறு பட்டை என்று சுற்று முழுமையடையும். எங்கள் கன்ட்ரோலருக்குள் ஒரு மின்தடை மாற்றி இருக்கிறது. ட்ரிக்கரை அழுத்த அழுத்தத் தடை குறைகிறது. பாடநூலில் வளைகோடாகப் பார்த்த குறியீட்டை மாணவர் இங்கே கையால் அழுத்திப் பார்க்கிறார்கள்.

அடுத்து ஒரு புதிர். மின்சாரம் நுழையும் துண்டிலிருந்து தொலைவில் கார் மெதுவாகச் செல்கிறது. ஏன்? மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அங்கும் 12 வோல்ட்தான் காட்டுகிறது. "அப்போ வோல்டேஜ் குறையலையே!" என்று குழுக்கள் திகைக்கும். இப்போது அதே இடத்தில் இருசக்கர வாகனத்தின் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை இணைத்து, அது எரியும்போது அளக்கச் சொல்லுங்கள். அளவு இறங்கியிருக்கும். மல்டிமீட்டர் மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. அதனால் இணைப்புகளில் இழப்பு தெரிவதில்லை. மின்னோட்டம் பாய்ந்தால்தான் இணைப்பின் தடை தன் வேலையைக் காட்டும். துண்டுகளின் இணைப்புகளில் மொத்தம் 2 ஓம் தடை இருப்பதாகவும், மோட்டார் 0.5 ஆம்பியர் எடுப்பதாகவும் கொண்டால், 1 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். ஓம் விதி காரின் வேகமாகக் கண்முன் தெரிகிறது.

தீர்வையும் மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். பட்டைகளைத் துடைப்பார்கள், இணைப்பு நாக்குகளை லேசாக வளைத்து இறுக்குவார்கள். ஒரு குழு தளத்தின் எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு கம்பிகளை நேரடியாக இழுத்து இன்னொரு மின்வழி கொடுத்தது. பக்க இணைப்பில் மொத்தத் தடை குறையும் என்பதை அதன்பிறகு விளக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

பத்தாம் வகுப்புக்கு இன்னொரு சோதனை. காரைத் தளத்திலிருந்து எடுத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பின்னல்களையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு மீண்டும் சுழற்றச் சொல்லுங்கள். சக்கரம் 'கனமாக' இருக்கும். மோட்டார் இப்போது மின்னியற்றி. அதில் உண்டாகும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. மூன்று கம்பி கொண்ட கன்ட்ரோலர்களில் ட்ரிக்கரை விட்டதும் இரு பட்டைகளும் இணைக்கப்பட்டு, கார் இதே முறையில்தான் பிரேக் பிடிக்கிறது.

பற்சக்கரமும் விகிதமும்

மோட்டார் அச்சில் உள்ள சிறிய பற்சக்கரம் பினியன்; பின் அச்சில் உள்ளது கிரவுன் கியர். பினியனுக்கு 9 பற்கள், கிரவுனுக்கு 27 பற்கள் என்றால், மோட்டார் மூன்று முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சுமையில்லாத நிலையில் மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். அச்சு 6,000 சுற்று, அதாவது நொடிக்கு 100. சக்கரத்தின் விட்டம் 20 மி.மீ. எனில் சுற்றளவு 62.8 மி.மீ. எனவே நொடிக்கு 6.28 மீட்டர். கிரவுனை 30 பற்களுக்கு மாற்றினால் அது 5.65 மீட்டராகக் குறையும். ஆனால் வளைவிலிருந்து புறப்படும் இழுவை கூடும். நேர்வழி அதிகமுள்ள தளத்துக்கு எது, வளைவு அதிகமுள்ள தளத்துக்கு எது என்பதைக் கணக்குப் போட்டு ஊகித்து, பிறகு ஓட்டிப் பார்க்கலாம். உண்மையான வேகம் கணக்கைவிடக் குறைவாகவே வரும். அந்த இடைவெளி எங்கே போனது என்ற கேள்வியில்தான் உராய்வுப் பாடம் தொடங்குகிறது.

கணித ஆசிரியருக்கும் இங்கே வேலை உண்டு. 5 மீட்டர் தளத்தை ஒரு கார் 4 நொடியில் சுற்றினால் வேகம் நொடிக்கு 1.25 மீட்டர். 32-ஆல் பெருக்கினால் நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. 'நிஜக் காராக இருந்தால் இந்த வேகம்' என்று மாணவர் மகிழ்வார்கள். நீளத்தைப் பெருக்கினோம், நேரத்தைப் பெருக்கினோமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் கிடைக்கும்.

உள்தடமா, வெளித்தடமா?

நீள்வட்டத் தளத்தில் இரண்டு தடங்களுக்கும் இடையே 8 செ.மீ. இடைவெளி இருந்தால், ஒரு சுற்றில் வெளித்தடம் எவ்வளவு அதிக நீளம்? பெரும்பாலான மாணவர், "தளம் எவ்வளவு பெருசுன்னு சொல்லுங்க சார்" என்பார்கள். தேவையே இல்லை. ஆரம் 8 செ.மீ. கூடினால் சுற்றளவு 2 × 3.14 × 8, ஏறத்தாழ 50 செ.மீ. கூடும். தளம் மேசையளவு இருந்தாலும் மைதானத்தளவு இருந்தாலும் இதே 50 செ.மீ.தான். விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஏன் ஒவ்வொருவரையும் முன்பின்னாக நிறுத்துகிறோம் என்பதும் இதே கணக்கு. 1.22 மீட்டர் அகலத் தடங்களில், மூன்றாம் தடத்து வீரர் இரண்டாம் தடத்து வீரரைவிட ஏறத்தாழ 7.67 மீட்டர் முன்னால் நிற்பார். உடற்கல்வி ஆசிரியரை ஒருநாள் இந்த வகுப்புக்கு அழைத்தால் நன்றாக இருக்கும்.

உள்தடம் குறுகியது, ஆனால் வளைவும் இறுக்கமானது. ஆரம் குறைந்தால், அதே வேகத்துக்குத் தேவையான மையநோக்கு விசை அதிகம். ஆகவே வளைவில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். நீளமும் வளைவும் எதிரெதிராக இழுக்கின்றன. எது வெல்லும்? புத்தகத்தில் விடை இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

சிவப்புக் காரின் அதிர்ஷ்டம்

மூன்றாம் வாரத்தில் எங்கள் மன்றத்தில் ஒரு சச்சரவு வந்தது. சிவப்புக் கார் தொடர்ந்து வென்றது. 'அது ராசியான கார்' என்றது ஒரு குழு. 'அதன் மோட்டார் புதுசு' என்றது இன்னொன்று. நீலக் காரைத் தொடவே யாரும் முன்வரவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்தேன்: சிவப்பு உள்தடத்தில், சிவப்பு வெளித்தடத்தில், நீலம் உள்தடத்தில், நீலம் வெளித்தடத்தில். ஒவ்வொன்றுக்கும் ஏழு சுற்றுகள். ஓட்டுநர் ஒருவரே. ஏழு நேரங்களையும் ஏறுவரிசையில் எழுதி, நடுவில் வரும் இடைநிலை அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். கார் வெளியே பாய்ந்த ஒரு சுற்று கூட்டுச் சராசரியைக் கெடுத்துவிடும். இடைநிலை அளவை அவ்வளவு எளிதில் அசைக்காது. இதற்காகவே இடைநிலை அளவு இருக்கிறது என்பது அன்று பலருக்கும் புரிந்தது.

கட்டங்கள் நிரம்பியதும் எந்தக் கார் உள்தடத்தில் ஓடியதோ அதுவே முந்தியது தெரிந்தது. வேகம் காரில் இல்லை, தடத்தில் இருந்தது. சிவப்புக் கார் எப்போதும் உள்தடத்திலேயே வைக்கப்பட்டிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மாறிகள் மாறினால் காரணத்தைப் பிரிக்க முடியாது என்ற கருத்தை நான் சொல்லித் தரவில்லை. நான்கு கட்டங்கள் சொல்லிக் கொடுத்தன.

மேம்படுத்தல்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இதன்பிறகு 'டியூனிங்' தொடங்கலாம். ஒவ்வொரு குழுவும் ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும். நாங்கள் செய்துபார்த்தவை:

1. செம்புப் பின்னல்: நூல் பிரிந்திருந்தால் நேராக்கி, பட்டையில் தட்டையாகப் படியும்படி லேசாக வளைத்தல். அதிகம் வளைத்தால் அது சுருள்வில் போலக் கைடைத் தூக்கிவிடும்.

2. டயர்: தூசி போகத் துடைத்தல். அடுத்த கட்டமாக, டயரைச் சக்கரத்தோடு ஒட்டி, குறைந்த வேகத்தில் சுழலவிட்டு நுண்மணல் தாளில் மெல்லத் தேய்த்தல். வட்டம் சீரானால் துள்ளல் நிற்கும்.

3. எண்ணெய்: அச்சுத் தாங்கிகளில் ஊசி முனையால் ஒரு துளி. டயரிலோ பின்னலிலோ படக்கூடாது.

4. எடை: சிறு இரும்பு நட்டுகளை அடிச்சட்டத்தில் தாழ்வாக ஒட்டி ஈர்ப்பு மையத்தை இறக்குதல். ஈயம் வேண்டாம், மாணவர் கையில் அது பாதுகாப்பானதல்ல.

5. காந்தம்: பல கார்களின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். எஃகுப் பட்டையை ஈர்த்துக் காரைத் தளத்தோடு அழுத்தும்.

காந்தச் சோதனை தனி வகுப்புக்கு உரியது. காரைச் சுருள்வில் தராசில் மாட்டித் தளத்திலிருந்து மேலே இழுத்து, கார் விடுபடும் நொடியில் அளவைக் குறிக்கலாம். காந்தத்துக்கும் பட்டைக்கும் இடையிலான தூரத்தைத் தாள் துண்டுகள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால், விசை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று வரைபடமே போடலாம். காந்தத்தோடு கார் வளைவில் வேகமாகச் செல்லும். ஆனால் எல்லை மீறும்போது முன்னறிவிப்பு இன்றிப் பாய்ந்துவிடும். காந்தத்தைக் கழற்றினால் கார் மெதுவாகும், பின்பக்கம் வழுக்குவது கண்ணுக்குத் தெரியும், ஓட்டுநர் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். 'எது நல்ல கார்?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்று மாணவர் அங்கே உணர்கிறார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று கட்டங்கள் கட்டாயம்: மாற்றத்துக்கு முன் ஏழு சுற்று, மாற்றிய பின் ஏழு சுற்று, மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பி ஏழு சுற்று. (டயர் தேய்ப்பு போலத் திருப்ப முடியாத மாற்றத்துக்கு, மாற்றாத இன்னொரு காரை மூன்றாம் கட்டத்தில் ஓட்டலாம்.) மூன்றாவது எதற்கு? ஓடஓட மோட்டார் சூடாகிறது, டயரில் தூசி ஏறுகிறது, ஓட்டுநருக்குக் கை பழகுகிறது. திருப்பிப் பார்த்தால்தான் முன்னேற்றம் நம் மாற்றத்தால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று தெரியும்.

அழிக்கக் கூடாத பக்கம்

ஒரு குழு எடை சேர்த்துப் பார்த்தது. மூன்று இடைநிலை அளவுகளும் ஏறக்குறைய ஒன்றே. பதிவாளர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனார். "ஒன்னும் வரல சார், வேற செஞ்சு எழுதறோம்" என்றார். 'மாற்றம் இல்லை' என்பதும் ஒரு முடிவுதான், அடுத்த குழு அதே வேலையில் ஒரு மணி நேரம் செலவிடாமல் காப்பாற்றும் முடிவு என்று சொன்னேன். அந்தப் பக்கம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மதிப்பீட்டிலும் அந்தக் குழுவுக்கே அதிக மதிப்பெண் கிடைத்தது. வேகமான காருக்கு எங்கள் மன்றத்தில் கைதட்டல் உண்டு, மதிப்பெண் இல்லை. மதிப்பெண் நான்கு விஷயங்களுக்கு மட்டுமே: மாறி ஒன்றா, அளவீடு போதுமா, அடித்தல் திருத்தல் மறைக்கப்படாமல் இருக்கிறதா, முடிவு அளவீட்டோடு பொருந்துகிறதா.

இப்படி நடத்தத் தொடங்கிய பிறகு ஓம் விதிப் பதிவேடுகளில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும் எண்களைப் பார்க்கிறேன். ஒரு மாணவர் வேறுபட்ட அளவீட்டின் அருகில் 'கம்பி சூடானது' என்று குறிப்பு எழுதியிருந்தார். செய்முறைப் பாடம் எதற்காக இருக்கிறதோ, அது அந்த இரண்டு சொல்லில் இருந்தது.

தொகுப்பு இல்லாத பள்ளிகளுக்கு

ஊர்த் தச்சரிடம் ஒட்டுப்பலகையில் 3 மி.மீ. அகலத்தில் காடி போடச் சொல்லலாம். காடியின் இரு ஓரமும் மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும் ஒட்டும் செம்பு நாடாவை ஒட்ட வேண்டும். இரண்டு நாடாத் துண்டுகள் சேருமிடத்தில் சால்டரிங் அவசியம். பசை பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாது. செம்பைக் காந்தம் ஈர்க்காது என்பதால் இந்தத் தளத்தில் காந்தக் காருக்குப் பயனில்லை. ஏன் என்று மாணவரிடமே கேட்கலாம். பழைய பொம்மைக் காரின் மோட்டாரும் பற்சக்கரங்களும் போதும். அதுவும் இயலாவிட்டால், சரிவுப் பலகையும் ஒரு பொம்மைக் காரும் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரமும் கொண்டு நான்கு கட்டச் சோதனையையும் ஏழு சுற்று முறையையும் நடத்தலாம்.

பாதுகாப்பில் சில விதிகளை நான் தளர்த்துவதில்லை. தரமான 12 வோல்ட் அடாப்டர் தவிர வேறு எந்த மின்வழியும் கூடாது. சால்டரிங், டயர் தேய்த்தல் இரண்டும் ஆசிரியர் அருகில் இருக்கும்போது, கண்ணாடி அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும். சடையையும் துப்பட்டாவையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சிறு காந்தங்களை வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணி வாங்க வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆறு வாரங்களுக்கு வாரம் இரண்டு பாடவேளை இதற்குப் போதும்: பூட்டுதல், மின்சுற்று, விகிதம், நான்கு கட்டச் சோதனை, மேம்படுத்தல், குழு அறிக்கை. இறுதி வாரத்தில் பந்தயம் வைக்கலாம். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் கார் எத்தனை நொடியில் சுற்றும் என்று எழுதி உறையில் இட வேண்டும். தான் சொன்ன நேரத்துக்கு மிக அருகில் ஓட்டிய குழுவுக்கே பரிசு. உங்கள் பள்ளியில் முயன்று பார்த்தால், வென்ற குழுவின் பதிவேட்டோடு 'மாற்றம் இல்லை' என்று எழுதிய பக்கத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள்.